நூற்றெண்பதும் இருபதும்

மார்ச் 3

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணன் முகத்தைக் கடைசியாகப் பார்க்க நான் வரவில்லை. ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை. நானாகச் சொல்ல ஆரம்பித்தால் போனை வைத்துவிடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன்.

செய்தி வந்தது காலை ஒன்பதரைக்கு. ரயில் பதினொன்றுக்கு. துணிகளைப் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு, சாவிக்கொத்தை ஒப்படைக்க மனநோயாளிகளின் பூட்டு வார்டுக்குப் போனேன். அங்கே ஆண்கள் பக்கத்தில் ஒரு வெல்டரைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் வந்தவர். மூன்று பெல்ட் போட்டாயிற்று, நாலாவது போடும்போது ஒரு கை நழுவிவிட்டது. குனிந்து நின்ற காவலாளியின் தலையை அந்தக் கையால் இழுத்துக் காதைக் கடித்துவிட்டார். கடிபட்டவரை நீங்கள் போட்டோவில் பார்த்திருப்பீர்கள், மீசை என்று எல்லாரும் கூப்பிடும் அந்த உயரமானவர். காதின் மேல் பாதி தரையில் கிடந்தது.

ஈரத்துணியில் சுற்றி ஐஸில் வைத்தேன். மீசையின் தலையை மடியில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரத்திலும் அவர் கேட்டார்: "சிஸ்டர், மீசை இருக்குல்ல?"

"இருக்கு. காதுதான் பாதி."

"அப்ப சரி."

இதற்குள் மற்ற மூன்று காவலாளிகளும் கட்டிக்கிடந்த வெல்டரின் விலாவில் ஷூக் காலால் மிதிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மீசையைத் தரையில் விட்டுவிட்டுப் போய்க் குறுக்கே விழுந்தேன். ஒரு மிதி எனக்கு. வெல்டருக்கு இரண்டு விலா எலும்பு. எல்லாம் அடங்கியபோது பன்னிரண்டேகால். ரயில் போய்விட்டது. அடுத்தது மறுநாள்தான்.

நீங்கள் அனுப்பிய இருநூறு உறைகளும் வந்து சேர்ந்தன. அண்ணன் படுக்கையில் இருந்த வாரத்திலும் உட்கார்ந்து ஒட்டியிருக்கிறீர்கள். திங்கட்கிழமை தொடங்குகிறோம். அடித்தவர்களைப் பெல்ட் போட்டுக் கட்டுவதைவிட, மெத்தை விரித்த ஓர் அறையில் ஓர் ஆளைத் துணைக்கு உட்கார வைத்தால் திரும்ப அடிப்பது குறையும் என்று இருபது வருஷமாகக் கத்துகிறேன். "நிரூபிச்சுக் காட்டுங்க" என்றார் பெரிய டாக்டர். உங்கள் கையெழுத்தைப் பார்த்த பிறகுதான் சம்மதித்தார்.

உங்கள்
குட்டி


மார்ச் 12

குட்டிக்கு,

கடிதம் கிடைத்தது. ஒருவருடைய பாதிக் காதுக்காக நீ நின்றாய். உன் அண்ணன் இங்கே முழுதாகக் கிடந்தார். மறுநாள் ரயிலிலாவது வந்திருக்கலாம் என்பதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வேலைக்கு வருகிறேன். ஏன் இருநூறு என்று உன் பெரிய டாக்டர் கேட்டால் நீ தடுமாறக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். பெல்ட் போட்டவர்களில் பாதிப் பேர் ஏழு நாளுக்குள் மறுபடி யாரையாவது அடிக்கிறார்கள் என்று உங்கள் பதிவேடு சொல்கிறது. அறையில் வைத்தால் அது நூற்றுக்கு முப்பதாகும் என்று நீ நம்புகிறாய். உன் நம்பிக்கை சரி என்றே வைத்துக்கொள். சரியாக இருந்தும், ஆள் போதாத சோதனையின் கண்ணுக்கு அந்த வித்தியாசம் தட்டுப்படாமல் போகலாம். இருப்பதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பதைத்தான் சோதனையின் திறன் என்கிறோம். பெல்ட்டுக்கு நூறு பேர், அறைக்கு நூறு பேர் என்றால் நூறு தடவையில் எண்பத்துமூன்று தடவை அகப்படும். அதற்குக் கீழ் இருந்தால் நான் கையெழுத்துப் போடுவதில்லை. நாற்பது வருஷப் புள்ளியியல் உத்தியோகத்தில் போட்டதும் இல்லை.

ஒருவர் ஒரு தடவைதான் சோதனைக்குள் வர வேண்டும். கைகலப்பு அடங்கிய பிறகு, இரண்டு சாட்சிகள் முன்னால், எண் வரிசையில் உறையைப் பிரிக்க வேண்டும். உள்ளே பெல்ட், அறை இரண்டில் எது எழுதியிருக்கிறதோ அதுதான். இரக்கம், கோபம் இரண்டுக்கும் அதில் இடமில்லை.

இனி வேலை விஷயம் மட்டும் எழுது.

அண்ணி


மார்ச் 20

அண்ணி அவர்களுக்கு,

முழுதாகக் கிடந்தார் என்று எழுத உங்களுக்குக் கை வந்திருக்கிறது. நல்லது.

செவ்வாய்க்கிழமை நெஞ்சை அடைக்கிறது என்று சொன்னவரை வியாழக்கிழமை வரை வீட்டில் வைத்திருந்தது யார்? நான் கேட்கவில்லை, உங்கள் எதிர்வீட்டம்மா தானாகவே சொன்னார். "உங்க அண்ணி, வாயுவா இருக்கும்னு சொன்னாங்கம்மா" என்றார். வாயு! நான் முப்பத்துமூன்று வருஷமாக நர்ஸ். "குட்டி, இவருக்கு இடது கை கனக்குதாம்" என்று ஒரு வார்த்தை போனில் சொல்லியிருந்தால், அங்கேயே அவரைத் தூக்கி வண்டியில் போடச் சொல்லியிருப்பேன். யாரையும் எதையும் கேட்டு உங்களுக்குப் பழக்கமில்லை. நூற்றுக்கு எத்தனை பேருக்கு அது வெறும் வாயு என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தீர்களா?

அண்ணன் சாகவில்லை. சாக விட்டீர்கள்.

மறுநாள் ரயிலில் நான் ஏன் வரவில்லை தெரியுமா? ஐஸ் பெட்டியில் கிடந்த அண்ணனைப் பார்க்கப் பயமில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை ஏதாவது செய்துவிடுவேனோ என்று பயம். அடிப்பவர்களோடுதானே எனக்கு வாழ்க்கை.

வேலை நடக்கிறது. இதுவரை பதினோரு உறை.

வார்டு செவிலி


ஏப்ரல் 2

அண்ணி அவர்களுக்கு,

போன கடிதத்தில் எழுதிய எதையும் நான் திரும்பப் பெறவில்லை. ஆனால் இது வேலை விஷயம். நீங்கள் கேட்டபடி அது மட்டும்.

இதுவரை பதினேழு பேர். எட்டு பேருக்கு அறை வந்தது. நேற்று அறைக்குள் துணைக்கு உட்கார்ந்திருந்த காவலாளியின் முகத்தில் ஒருவர் வாளியை வீசிவிட்டார். தாடை இரண்டு இடத்தில் உடைந்து தொங்கியது. பேச வராமல் ரத்தத்தோடு என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். இனி யாரும் உள்ளே உட்கார மாட்டோம் என்று காவலாளிகள் சங்கம் சொல்லிவிட்டது.

பெரிய டாக்டர் கூப்பிட்டார். "இருக்கறது ஒரு ரூம். மொத்தத்துல இருபது பேருக்கு ரூம் போதும். மிச்சம் நூத்தியெண்பதும் பெல்ட். உங்க அண்ணி கேட்ட இருநூறு அப்படியே இருக்கும்."

"எண்ணிக்கை கொறையாட்டியும் வேற ஏதாவது கொறைஞ்சு போச்சுன்னா, டாக்டர்?"

"அதை அவங்ககிட்டயே கேளுங்க. எழுத்துல வந்தா பார்க்கலாம்."

ஆகவே கேட்கிறேன். இருநூறு அப்படியே இருந்தால் போதுமா, எப்படிப் பிரிக்கிறோம் என்பதும் முக்கியமா? பக்கத்துத் துணி அறையைக் காலி செய்தால் இரண்டு அறை கிடைக்கும். மூன்றில் ஒருவருக்கு அறை என்றால் நான் சண்டை போட்டு வாங்கிவிடுவேன். சங்கத்தில் மீசை என் பக்கம். பாதிக் காதோடு எழுந்து பேசுகிறேன் என்கிறார். மூன்றில் ஒன்று என்றால் மொத்தம் எத்தனை பேர் வேண்டும்? பதினைந்தாம் தேதிக்குள் உங்கள் கையெழுத்தோடு வர வேண்டும். என் பேச்சுக்கு இங்கே மதிப்பில்லை, உங்கள் காகிதத்துக்கு இருக்கிறது. வராவிட்டால் உங்கள் உறைகளில் எண்பதைப் பிரித்து, 'அறை'யை எடுத்துவிட்டுப் 'பெல்ட்' வைக்கப் போகிறார்கள்.

இன்னொன்று. எட்டாவது உறை ஒரு டீச்சருக்கு வந்தது. நாற்பது வயசுப் பெண். சாப்பாட்டுத் தட்டின் விளிம்பால் ஆயாவின் நெற்றியைப் பிளந்துவிட்டு வந்தவர். உறையில் அறை. முதல் நாள் என் முழங்கையைக் கடித்தார். இரண்டாம் நாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் நான் உள்ளே போனதும், "கதவைச் சாத்திட்டு வாங்க, கிளாஸ் நடக்குது" என்றார். ஒரு சாக்பீஸ் கொடுத்தேன். இரண்டு வாரமாக யாரையும் தொடவில்லை. கோபம் ஏறினால் தானாகவே நடந்துபோய் அந்த அறையில் உட்கார்ந்துகொள்கிறார். ஒருவரை வைத்து எதுவும் சொல்லக் கூடாது என்பீர்கள். சொல்லவில்லை. பார்த்ததை எழுதினேன்.

ஒரு வரி போதும், அண்ணி.

வார்டு செவிலி


அக்டோபர் 9

அண்ணி அவர்களுக்கு,

இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். கையெழுத்துப் போட்டு வாங்கியாக வேண்டும்.

உங்கள் இருநூறு முடிந்தது. பெல்ட் நூற்றெண்பது பேர். அதில் ஏழு நாளுக்குள் திரும்ப அடித்தவர்கள் தொண்ணூறு. அறை இருபது பேர். அதில் ஆறு. கணக்குப் பிரிவில் போட்டுப் பார்த்து, "குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை" என்று எழுதிவிட்டார்கள். பெரிய டாக்டர் அதை எல்லாரையும் நிற்க வைத்து வாசித்தார். கடைசியில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இருநூறு கேட்டாங்க, இருநூறு குடுத்தாச்சு. கணக்கே பேசிடுச்சு சிஸ்டர். இனி நீங்க பேசாதீங்க."

முதல் தேதியிலிருந்து அறைக்குப் பூட்டு. பழைய மருந்துப் பெட்டிகளை அடுக்கிவிட்டார்கள். பெல்ட் பொருத்திய பன்னிரண்டு இரும்புக் கட்டில் புதிதாக வாங்கப் போகிறார்கள். நவம்பர் 12 நிர்வாகக் குழு கூடி ஒப்புதல் கொடுக்கும்.

டீச்சரைப் பற்றி ஒரு முறை எழுதினேன். நாலாம் தேதி மதியம் கோபம் ஏறி, வழக்கம்போல அறைக்கு நடந்து போயிருக்கிறார். பூட்டியிருந்தது. கதவைத் தலையால் முட்டியிருக்கிறார். இழுக்கப்போன காவலாளியின் மூக்கை உடைத்துவிட்டார். பெல்ட் போட்டார்கள். அன்று எனக்கு விடுமுறை. மீதியை எழுத இப்போது முடியாது. சர்ஜரி வார்டிலிருந்து எழுதுகிறேன். ஒரு பக்கம் எழுதுவதற்குள் தலை சுற்றுகிறது.

வார்டு செவிலி


அக்டோபர் 15

தலைமைச் செவிலியருக்கு,

நூற்றெண்பது என்றும் இருபது என்றும் எழுதியிருக்கிறாய். கை தவறியது என்று முதலில் நினைத்தேன். கூட்டினால் இருநூறு வருகிறது. ஆகவே தவறவில்லை.

என் திட்டத்தில் நூறும் நூறும் என்று இருந்தது. கொட்டை எழுத்தில் இருந்தது. அதை மாற்ற உங்களுக்கு அதிகாரம் கொடுத்தது யார்? என்னைக் கேட்காமல் உறையைப் பிரித்து உள்ளே இருந்ததை மாற்றியிருக்கிறீர்கள். அதன் மேல் என் கையெழுத்து இருந்தது. இதை முட்டாள்தனம் என்றால் முட்டாள்களுக்குக் கோபம் வரும். உன் டாக்டருக்கு இது புரியாது. ஆனால் மார்ச் மாதமே உனக்கு எழுதி விளக்கினேன். ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பேன். கேட்கவில்லை. கோபத்தை வேலைக்குள் கொண்டுவந்தாய். என் பெயரைக் கெடுத்தது போகட்டும், உன் இருபது வருஷத்தை நீயே கெடுத்துக்கொண்டாய்.

நீ எதற்குச் சர்ஜரி வார்டில் இருக்கிறாய் என்பதை எழுது.

அண்ணி


அக்டோபர் 20

அண்ணி,

கேட்டேன். ஏப்ரல் இரண்டாம் தேதி. நாலு பக்கம். பதினைந்தாம் தேதி வரை தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் நின்றேன். பதினாறாம் தேதி எண்பது உறைகளைப் பிரித்தார்கள். நானும் பக்கத்தில் நின்றேன். உங்கள் பதில் மௌனம்தான் என்று எடுத்துக்கொண்டேன். பிறகு எனக்கும் எழுதத் தோன்றவில்லை. எனக்கும் உங்கள் வீட்டுத் திமிர் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது.

சர்ஜரி வார்டு ஏன் என்று கேட்டீர்கள். டீச்சருக்குப் பெல்ட் போட்டவர், மூக்கு உடைந்த அந்தக் காவலாளிதான். வலது மணிக்கட்டில் கடைசி ஓட்டை வரை இறுக்கியிருக்கிறார். இரண்டு விரல் நுழைய இடம் விட வேண்டும் என்பது விதி. ஊசி நுழையாது. இருபத்தாறு மணி நேரம். நான் மறுநாள் வந்து போர்வையை விலக்கினேன். கை அவருடையதாக இல்லை. கத்தரிக்காய் நிறம். அவர் கத்தி முடித்து, தொண்டை போய், வெறுமனே வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார்.

முதலில் இடது கையை அவிழ்த்தேன். அதுதான் என் தவறு. அவிழ்த்த பெல்ட்டைப் பிடுங்கி வீசினார். கொக்கி என் இடது கண்ணில் பட்டது. முட்டையைக் கல்லில் தட்டுவது போல ஒரு சத்தம் எனக்கு உள்ளேயே கேட்டது. இரண்டாவது வீச்சு கன்ன எலும்பில். மூன்றாவதை மீசை பிடித்துக்கொண்டார். காவலாளிகள் பாய்ந்தார்கள். "யாரும் தொடாதீங்க" என்று கத்தினேனாம். மீசை சொன்னார். எனக்கு நினைவில்லை.

அவருக்கு வலது கையில் மூன்று விரல்களை எடுத்தார்கள். எனக்குக் கண்ணை. அடுத்தடுத்த மேசையில்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நவம்பர் 12 அன்று அந்தக் கட்டில்களுக்குக் கையெழுத்தாகிவிட்டால் அவரை மறுபடி அங்கேதான் படுக்க வைப்பார்கள். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். என் நாலு பக்கத்துக்குப் பதில் என்ன?

குட்டி


அக்டோபர் 25

குட்டி,

உன் ஏப்ரல் கடிதம் என் மேசையின் மேல் இழுப்பறையில் இருக்கிறது. தபாலில் தொலையவில்லை. தாமதமாகவும் வரவில்லை. ஐந்தாம் தேதி வந்தது. உறையின் மேல் உன் எழுத்தைப் பார்த்ததும் மார்ச் மாதத்துக் கடிதம் நினைவுக்கு வந்தது. இன்னொரு தடவை இவள் என்னைக் கொலைகாரி என்று சொல்ல நான் உட்கார்ந்து படிக்க வேண்டுமா என்று உள்ளே போட்டுப் பூட்டினேன். இன்றைக்குத்தான் பிரித்தேன். ஆறு மாதம் இருபது நாள். "என்னைக் கேட்காமல்" என்று போன வாரம் நான் உனக்கு எழுதியபோது அந்த இழுப்பறை என் முழங்கைக்குக் கீழே இருந்தது.

உன் கேள்விக்குப் பதில் போடப் பதினோரு நிமிடம் ஆனது.

மூன்றில் ஒருவருக்கு அறை என்றால், அறைக்கு எழுபத்தைந்து, பெல்ட்டுக்கு நூற்றைம்பது. மொத்தம் இருநூற்றிருபத்தைந்து. திறன் எண்பத்துமூன்று. அதாவது இன்னும் இருபத்தைந்து பேர். அவ்வளவுதான். நீ கேட்ட அந்த ஒரு வரி இதுதான்.

நூற்றெண்பதும் இருபதுமாகப் பிரித்தால் திறன் முப்பத்தொன்பது. உண்மை உன் பக்கம் இருந்தாலும் நூறு தடவையில் அறுபத்தொரு தடவை நீ தோற்பாய். அதைவிட நாணயத்தைச் சுண்டிப் பார்த்திருக்கலாம். இருநூறு என்ற கூட்டுத்தொகை எதையும் காப்பாற்றாது. ஒப்பிடும்போது நடுக்கமெல்லாம் அந்த இருபது பேரிடமிருந்துதான் வருகிறது. எதிர்ப்பக்கம் நூற்றெண்பதுக்குப் பதில் ஆயிரம் பேரைக் கட்டினாலும் அந்த நடுக்கம் போகாது. பக்கத்துக்கு நாற்பது பேர் வைத்துச் செய்த சோதனையை அது தாண்டவே தாண்டாது. நீங்கள் செய்து முடித்தது பக்கத்துக்கு முப்பத்தாறு பேர் வைத்த சோதனைக்குச் சமம். எழுபத்திரண்டு பேர். அதே விடையை எழுபத்திரண்டு பேரை வைத்தே வாங்கியிருக்கலாம். மீதி நூற்றிருபத்தெட்டு பேர் பட்ட பாடு கணக்கில் எங்குமே சேரவில்லை.

முடிவைப் பார். பெல்ட்டில் நூற்றுக்கு ஐம்பது, அறையில் நூற்றுக்கு முப்பது. நீ இருபது வருஷமாகச் சொன்ன அதே எண்கள். ஆனால் இருபது பேரை மட்டும் வைத்துப் பார்த்தால், பதினோரு தடவையில் ஒரு தடவை வெறும் தற்செயலாகவே இவ்வளவு வித்தியாசம் வந்துவிடும். ஆகவே நீ ஜெயித்தாய் என்று நான் சொல்ல முடியாது. வித்தியாசம் இல்லை என்று அவர் வாசித்ததும் பொய். "இந்தச் சோதனையால் பார்க்க முடியவில்லை" என்று வாசித்திருக்க வேண்டும்.

பழைய இருநூறோடு இன்னும் சிலரைச் சேர்த்துவிடலாம் என்று உனக்குத் தோன்றும். கூடாது. விடையைப் பார்த்துவிட்டு ஆள் சேர்ப்பது, பிடித்தது விழும்வரை குலுக்குவது. புதிதாக எழுபத்தைந்து, புதிதாக நூற்றைம்பது. இன்னும் நூற்றைம்பது பேரைக் கட்டச் சொல்கிறேன் என்று எனக்குத் தெரியும். வேறு வழி இருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

குழுவுக்கு ஒரு கடிதம் இணைத்திருக்கிறேன். நீ எழுந்து நின்று முதல் வரியிலிருந்து சத்தமாக வாசிக்க வேண்டும். முதல் வரி இது: "இந்தச் சோதனை பாழானதற்குக் காரணம், எனக்கு வந்த கடிதத்தை நான் பிரிக்காமல் பூட்டி வைத்தது." கான்வென்ட்டில் தப்பு செய்தவள் அதை எழுதி வகுப்புக்கு முன்னால் வாசிக்க வேண்டும். நான் ஒரு தடவைகூட அப்படி நின்றதில்லை. அதில் எனக்குப் பெருமை வேறு இருந்தது. மூட்டு வலியில் ஒன்றரை நாள் ரயிலில் உட்கார என்னால் முடியாது. எனக்காக நீ நில்.

அந்த இரண்டு நாள் பற்றி. உன் அண்ணன் "ஆஸ்பத்திரி வேண்டாம், குட்டியிடமும் சொல்லாதே, பதறிப்போவாள்" என்றார். நான் கேட்டுக்கொண்டேன். முப்பத்தொன்பது வருஷத்தில் அவர் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான். வாயு என்று எதிர்வீட்டில் சொன்னது, எனக்கு நானே சொல்லிக்கொண்டது. நீ எழுதியதில் பாதி சரி. எந்தப் பாதி என்று என்னைக் கேட்காதே.

கண்ணைப் பற்றி எனக்கு ஒன்றும் எழுதத் தெரியவில்லை.

அண்ணி


நவம்பர் 14

அண்ணிக்கு,

வாசித்தேன். முதல் வரியிலிருந்து.

கட்டுப்போட்ட முகத்தோடு நான் எழுந்து நின்றதுமே பாதிப் பேர் மேசையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். முதல் வரி முடிந்ததும் பெரிய டாக்டர் குறுக்கே பாய்ந்தார். "பாருங்க, தப்பு பண்ணினேன்னு அந்தம்மாவே ஒத்துக்கறாங்க. நமக்கென்ன?"

தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. காது சரியாகக் கேட்காது, ஆனால் எண்கள் கேட்கும் போலிருக்கிறது. "அந்த நூத்தி இருபத்தெட்டை இன்னொரு தடவ படிங்கம்மா" என்றார். படித்தேன். "அவங்களை எதுக்குக் கட்டினோம்?"

பெரிய டாக்டர் வெள்ளைத்தாளில் ஏதோ கணக்குப் போடுவது போல எழுதிக்கொண்டிருந்தார். அப்போது காவலாளிகள் வரிசையிலிருந்து மீசை எழுந்தார். சங்கம் அவரைப் பேசச் சொல்லவில்லை. "ஐயா, என் காதைக் கடிச்ச ஆளைப் பெல்ட்லதான் கட்டியிருந்துது. அதை மட்டும் எழுதிக்குங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். தாடை உடைந்தவர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். வெளியே போனதும் இரண்டு பேருக்கும் கைகலப்பு. மீசைக்கு உதடு கிழிந்தது. நான்தான் தைத்தேன், ஒற்றைக் கண்ணோடு. கோணலாக வந்திருக்கிறது. "மீசை மறைச்சுரும் சிஸ்டர்" என்கிறார்.

முடிவு: கட்டில்கள் நிறுத்தம். துணி அறை காலி. புதிய சோதனை, உங்கள் எழுபத்தைந்தும் நூற்றைம்பதும். உறைகள் உங்கள் வீட்டிலிருந்து வர வேண்டும், இங்கே யாரும் பிரித்து ஒட்டக் கூடாது. பழைய சோதனையில் இருந்தவர் என்பதால் டீச்சர் இதற்குள் வர மாட்டார். அவருக்கு எக்காலமும் பெல்ட் கூடாது என்று தலைவர் தனியாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

டீச்சர் இடது கையால் எழுதப் பழகுகிறார். நான் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நேற்று சாக்பீஸை என் மேல் எறிந்தார். குறி தப்பவில்லை.

எந்தப் பாதி என்று கேட்கவில்லை. ஆனால் அண்ணன் அப்படித்தான் சொல்லியிருப்பார் என்று எனக்கும் தெரியும். சின்ன வயசில் கை உடைந்ததையே என்னிடம் மூன்று நாள் மறைத்தவர்.

குட்டி


நவம்பர் 22

குட்டி,

இருநூற்றிருபத்தைந்து உறைகளும் இத்துடன் இருக்கின்றன. வெளிச்சத்தில் பிடித்தாலும் தெரியாத தாள். ஒட்டிய இடத்தில் குறுக்கே என் கையெழுத்து. கை நடுங்கியதால் சில கோணலாக இருக்கும். அதைப் பார்த்து யாரும் எதையும் ஊகிக்க முடியாது, இரண்டு வகையிலும் நடுங்கியிருக்கிறது.

எதற்கு எது என்று நான் தேர்ந்தெடுக்கவில்லை. தற்செயல் எண்களின் அட்டவணை தேர்ந்தெடுத்தது. ஆனால் வரிசையை எழுதி ஒட்டியவள் நான். முதல் உறையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். நீயும் கேட்க மாட்டாய்.

ஒரு விஷயம் கண்டிப்பு. பெல்ட் வந்தவருக்கு விதிப்படி இரண்டு விரல் இடம் விட்டுக் கட்டு, மணிக்கொரு தரம் கையைப் பார். ஆனால் பக்கத்தில் உட்காராதே, பேச்சுக் கொடுக்காதே. உனக்கு மனசு கேட்காது என்று எனக்குத் தெரியும். நீ உட்கார்ந்தால் அது அறையாகிவிடும். பிறகு நாம் எதை எதோடு ஒப்பிடுகிறோம்? நீ இரக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் இன்னொருவரை அதிகமாகக் கட்ட வேண்டிவரும்.

பிரித்த உறைகளை அன்றன்றைக்கு எனக்கு அனுப்பு. இனி உன் கடிதம் எதுவானாலும் வந்த நிமிடம் பிரிப்பேன். திட்டியிருந்தாலும்.

அண்ணி


டிசம்பர் 2

அண்ணிக்கு,

இதை வாசலில் நின்றபடியே பிரித்திருப்பீர்கள். முதலில் உட்காருங்கள்.

முதல் உறையைப் பிரித்தாயிற்று. இன்று காலை பத்து நாற்பதுக்கு. பேக்கரியில் வேலை பார்த்த பெண். இருபது வயசு இருக்கும். வந்து மூன்று நாள். ஸ்டூலைத் தூக்கி ஆயாவின் வாயில் அடித்தாள். முன்பல் இரண்டும் போயிற்று. ஒன்றை நான் தரையிலிருந்து எடுத்தேன். இன்னொன்றை ஆயா விழுங்கிவிட்டார். நாலு பேர் சேர்ந்து அவளைச் சுவரோடு அழுத்தினோம். என் இடது பக்கம் எனக்குத் தெரியாததால் அந்தப் பக்கத்தில் இரண்டு உதை வாங்கினேன். மூச்சு வாங்கி அவளாக அடங்கினாள்.

மீசையும் கிளார்க்கும் சாட்சி. கத்தரிக்கோலால் ஓரத்தை வெட்டினேன். அறையாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். உங்களுக்குத்தான் தெரியுமே.

பெல்ட்.

"அக்கா, கட்டாதீங்க. இப்ப சும்மாதானே இருக்கேன். பாருங்க, சும்மா இருக்கேன்." உண்மையாகவே சும்மா இருந்தாள். கையை நீட்டிக் காட்டினாள். அந்தக் கையைப் பிடித்து நான்தான் கட்டினேன். வேறு யாரையும் விடவில்லை. நாலு பெல்ட்டிலும் இரண்டு விரல் விட்டுப் பார்த்தேன். மூன்றாவதைக் கட்டும்போது என் முகத்தில் துப்பினாள். நாலாவதைக் கட்டும்போது, "எங்கயும் போயிராதீங்க அக்கா" என்றாள்.

கட்டில் பக்கத்தில் ஸ்டூல் கிடந்தது. அதே ஸ்டூல். எடுத்து நிமிர்த்தினேன். உட்கார வேண்டும் போல இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

வெளியே கண்ணாடி வழியாக நின்று பார்த்தேன். அந்தச் சின்னக் கண்ணாடிக்கு ஒரு கண்ணே போதும். சாப்பாட்டு மணி அடிக்கும் வரை அக்கா, அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மணிக்கொரு தரம் போய் அவள் விரல்களைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தன. ஒரு வார்த்தை பேசவில்லை. நீங்கள் சொன்னபடியே செய்தேன், அண்ணி. இவளை யாரும் கணக்கில் சேர்க்காமல் விட முடியாது.

உறையை இத்துடன் வைத்திருக்கிறேன். எண் ஒன்று. உங்கள் கையெழுத்தின் மேல் இருப்பது என் விரல் ரத்தம் இல்லை, ஆயாவுடையது.

குட்டி